வாய்தாவுக்கு நடந்த ஊர்

தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டையில் கால் வைக்க இடம் இருக்காது. தட்சிணகாசி காலபைரவர் கோயிலுக்கு சேலம், கிருஷ்ணகிரி மட்டுமில்லாமல் பெங்களூரிலிருந்தும் ஜனம் வரும். சாம்பல் பூசணிக்காயை இரண்டாக வெட்டி, உள்ளே குடைந்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். கடன் தீரணும், எதிரி தொல்லை ஒழியணும், கோர்ட்டு கேஸ் முடியணும். பைரவரிடம் வைக்கப்படும் வேண்டுதல்களில் இந்த மூன்றும்தான் முன்வரிசை.

மூன்றாவது வேண்டுதலை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வழக்கு என்பது வியாதி மாதிரி, வந்தால் லேசில் போகாது என்பது நம் ஊர்களில் பாலபாடம். அப்பா போட்ட பாகப்பிரிவினை வழக்கில் பிள்ளை ஆஜராவதும், வேலித் தகராறில் போட்ட வழக்கு வேலியை விட நீளமாவதும் எந்த ஊரில் இல்லை?

அதியமான்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் கால் மணி, இருபது நிமிஷத்தில் தருமபுரி. அங்கே மாவட்ட நீதிமன்றம். காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால், கையில் மஞ்சள் பையோடு நிற்கிறவர்கள், கறுப்பு கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிற ஜூனியர்கள், கட்டுகளைச் சுமக்கும் குமாஸ்தாக்கள், டீக்கடை, ஜெராக்ஸ் கடை. எல்லா மாவட்ட நீதிமன்ற வளாகங்களையும் போலத்தான். ஆனால் இந்த நீதிமன்றத்துக்கு என்று ஒரு வழக்கு உண்டு. இந்திய நீதிமன்ற வரலாற்றிலேயே அபூர்வமான வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். புகார் சொன்னவர்கள் மலையடிவாரத்துப் பழங்குடிப் பெண்கள்.

வாச்சாத்தி வழக்கு.

தருமபுரியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் அரூர். அங்கிருந்து இன்னும் உள்ளே, சித்தேரி மலையின் அடிவாரத்தில் வாச்சாத்தி. பெரும்பாலும் மலையாளி என்ற பழங்குடி இனத்தவர். (கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்.) மானாவாரி நிலம், ஆடு மாடு, கூலி வேலை. இவ்வளவுதான் ஊரின் பொருளாதாரம்.

1992 ஜூன் 20, சனிக்கிழமை. சந்தனக் கட்டை கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர் இந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஊர் ஆட்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். அங்கிருந்து 18 பெண்களை மட்டும் ஏரிப் பக்கம் கொண்டுபோய் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது 13. பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அன்று இரவு பெண்களை அரூர் வனத்துறை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். அடுத்த இரண்டு நாட்களும் ஊர் சூறையாடப்பட்டது. வீடுகள் இடிந்தன, ஆடு கோழிகள் அடித்துத் தின்னப்பட்டன, தானியம் பாழானது, கிணற்று நீர் குடிக்க முடியாததானது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தப் பத்திக்கு முக்கியம். சட்டம் அந்தப் பெண்களைத் தேடி வந்தது. கைது செய்ய வந்தது. 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என்று 133 பேர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். குற்றம்: சந்தனக் கடத்தல். பெண்களை சேலம் சிறையில் அடைத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களே கைதிகள், புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களே குற்றவாளிகள். மீதிப் பேர் மலைக்குள் ஓடி ஒளிந்துவிட்டதால் ஊரில் ஆள் இல்லை.

இப்படி ஒரு நிலையில் ஒரு பெண் என்ன செய்ய முடியும்? காவல் நிலையம் போவதா? ரிமாண்டுக்குக் கொண்டுபோகிற நேரத்தில் மாஜிஸ்திரேட்டிடம் சொல்வதா? அடித்தவர்களே பக்கத்தில் நின்று அழைத்துப் போகையில் வாய் எப்படித் திறக்கும்? 'எனக்கு ஒரு வக்கீல் வேண்டும்' என்று கேட்கலாம் என்பதே அவர்களுக்கு யார் சொல்லி இருக்கப் போகிறார்கள்?

காகிதத்தில் அந்த உரிமை அப்போதே இருந்தது. ஏழை என்பதால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு 1976-லேயே சேர்ந்துவிட்டது. 1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தவர்களின் வழக்கில் (ஹுசைனாரா காத்தூன் வழக்கு), வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. அந்த வழக்கை எடுத்துப் போனவர் கபிலா ஹிங்கோரானி என்ற வழக்கறிஞர். நாளிதழில் வந்த செய்திகளை வைத்துத்தான் அவர் மனுப் போட்டார். அமெரிக்காவில் 1963-ல் கிடியன் என்ற கைதி, சிறைக்குள்ளிருந்து பென்சிலால் எழுதிய மனுவில்தான் இதே உரிமை அந்த நாட்டில் நிலைநின்றது.

வாச்சாத்திப் பெண்களிடம் பென்சிலும் இல்லை, செய்தி போட நாளிதழும் அப்போது வந்துவிடவில்லை.

விஷயம் வெளியே வந்தது சில வாரங்கள் கழித்து. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களும் ஊருக்குப் போனார்கள். பாழடைந்த வீடுகளைப் பார்த்தார்கள், சிறையில் இருந்தவர்களோடு பேசினார்கள். சங்கத் தலைவர்களில் ஒருவரான பெ. சண்முகம் அன்று பிடித்த இந்த வழக்கைக் கடைசிவரை விடவில்லை. கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்கே மனுவோடு போனார். அங்கிருந்து விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பொறுப்புள்ள அரசு அதிகாரிகள் இப்படி நடந்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் அங்கே முதலில் மனு தள்ளுபடியானது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம்ப முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு தனி நீதிபதியின் மனசு மட்டும் இல்லை. ஒரு பக்கம், கோப்பு கோப்பாக எழுதப் பழகிய அரசாங்கம். இன்னொரு பக்கம், கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள். அரசு சொல்வது ஆவணமாக வந்து நிற்கும். இவர்கள் சொல்வது அழுகையாக வந்து நிற்கும். அந்த அழுகையை நீதிமன்றத்துக்குப் புரிகிற பாஷையில் எழுதித் தருவதற்குத்தான் வக்கீல் என்ற ஒருவர் வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு உயர் நீதிமன்றத்தின் பாஷை ஆங்கிலம். அங்கேயும் தமிழ் வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2006-ல் தீர்மானம் போட்டு, அது இன்றைக்கும் தீர்மானமாகவே இருக்கிறது. தன் வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்பதையே வக்கீல் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கட்சிக்காரர்கள் சென்னை ஐகோர்ட்டு வராந்தாவில் இப்போதும் உண்டு.

அதியமான் கதை ஞாபகம் வருகிறது. நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். அதே அதியமான், தொண்டைமானோடு மோதல் வந்தபோது தனக்காகப் பேசிவர ஔவையாரைத்தான் தூது அனுப்பினான். கோட்டையும் படையும் உள்ள ராஜாவுக்கே தன் பக்கம் நின்று பேசத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார் பாருங்கள்.

வாச்சாத்திக்கு அப்படிப் பேசியவர்களில் ஒருவர், அரசாங்கத்துக்கு உள்ளிருந்தே வந்தார். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென் மண்டல இயக்குநராக இருந்த பாமதி என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஊருக்குப் போய் விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அரசு அதிகாரி எழுதிய காகிதத்துக்கு எதிராக இன்னொரு அரசு அதிகாரியின் காகிதம். தராசு அப்போதுதான் மெல்ல அசைந்தது. 1995-ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. மறு ஆண்டு 269 பேர் மீது குற்றப்பத்திரிகை.

சினிமாவாக இருந்தால் இங்கே பின்னணி இசை ஏறும். நிஜத்தில் இங்கேதான் வாய்தா ஆரம்பமானது.

269 பேர் மீதான வழக்கு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு விசாரணை நாளிலும் அத்தனை பேரும் ஆஜராக வேண்டும், அல்லது வராததற்கு மனுப் போட வேண்டும். அவர்களுக்குத் தனித்தனியாக, கூட்டாக வக்கீல்கள். ஒரு சாட்சியை ஒவ்வொரு தரப்பும் குறுக்கு விசாரணை செய்யலாம். எந்த உத்தரவை எதிர்த்தும் மேலே போகலாம். இதற்கு நடுவே நீதிபதி மாறுவார், வழக்கறிஞர் மாறுவார். வழக்கு கோவை, கிருஷ்ணகிரி என்று சுற்றி, கடைசியில்தான் தருமபுரிக்கு வந்தது.

வாச்சாத்தியிலிருந்து கோவைக்குப் போவது என்றால் விடிவதற்கு முன்னே கிளம்ப வேண்டும். அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு. கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக்கொள்ள வேண்டும். போன பிறகு 'இன்று விசாரணை இல்லை' என்றால் அப்படியே திரும்ப வேண்டும். பிறகு சாட்சிக் கூண்டில் ஏறி, அந்த ஏரிக்கரையில் என்ன நடந்தது என்று, நடத்தியவர்கள் எதிரிலேயே நிற்க, அந்நிய ஆண்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல வேண்டும். யார் செய்தது என்று அடையாளம் காட்ட வேண்டும். காட்டினார்கள். சமாதானமாகப் போய்விடலாம் என்று சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? அந்த 18 பேரும் பின்வாங்கவில்லை.

வழக்கறிஞர்கள் பக்கமும் பார்க்க வேண்டும். கிரிமினல் வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான். பாதிக்கப்பட்டவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் வக்கீல், அவருக்குத் துணையாகப் பக்கத்தில் உட்காரலாம், எழுத்தில் வாதம் கொடுக்கலாம். வழக்கைக் கையில் எடுக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தின் அனுமதியோடு வக்கீல் வைத்துக்கொண்டு அரசுத் தரப்புக்கு உதவலாம் என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதியது 2009 கடைசியில்தான். ஆக, பல வருஷங்கள் ஃபீஸ் வாங்காமல், பெயர் வெளியே தெரியாமல், கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்த வழக்கறிஞர்கள் உண்டு.

அதிலும் ஒரு சின்ன ஊர் வக்கீலுக்கு இது எளிதில்லை. அவருடைய அன்றாடப் பிழைப்பே காவல் நிலையத்தையும் தாலுகா ஆபீஸையும் சுற்றித்தான். நாளைக்கு ஒரு ஜாமீன் மனுவுக்கு அதே போலீஸ்காரரிடம்தான் விவரம் கேட்க வேண்டும். ஒரு பட்டா வழக்குக்கு அதே வருவாய்த்துறையிடம்தான் நகல் கேட்க வேண்டும். அவர்களையே எதிர்த்து வக்காலத்துப் போடுவது என்றால், வீட்டில் அரிசி வைக்கிற மனுஷிக்கும் சேர்த்துத் தைரியம் வேண்டும்.

2011 செப்டம்பர் 29. தருமபுரி முதன்மை மாவட்ட நீதிபதி எஸ். குமரகுரு தீர்ப்பு சொன்னார். 269 பேரும் குற்றவாளிகள். அதற்குள் 54 பேர் இறந்து போயிருந்தார்கள். மிச்சம் 215 பேர்: வனத்துறை 126, காவல்துறை 84, வருவாய்த்துறை 5. இந்திய வனப்பணி அதிகாரிகளும் அதில் அடக்கம். பாலியல் வன்கொடுமைக்காக 17 பேருக்குத் தண்டனை. 12 பேருக்குப் பத்து ஆண்டு, 5 பேருக்கு ஏழு ஆண்டு. மற்றவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை.

13 வயதுப் பிள்ளைக்கு அப்போது வயது 32.

உடனே மேல்முறையீடு. அதற்குப் பன்னிரண்டு வருஷம். உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச் 4-ம் தேதி வாச்சாத்திக்கே நேரில் போனார். சம்பவம் நடந்த இடங்களைப் பார்த்தார், ஊர்க்காரர்களிடம் பேசினார். நம்ப முடியாது என்று 1992-ல் காகிதத்தில் முடிந்துபோக இருந்த ஒன்றை, முப்பது வருஷம் கழித்து ஒரு நீதிபதி நடந்துபோய்ப் பார்த்தார் என்பது சாதாரண விஷயமில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 29-ம் தேதி, தருமபுரித் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டாவது வருஷம் முடிகிற அன்று, எல்லா மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும். அவர்களுக்கோ குடும்பத்துக்கோ வேலை அல்லது சுயதொழிலுக்கு வழி செய்ய வேண்டும். அன்று மாவட்ட ஆட்சியராக, காவல் கண்காணிப்பாளராக, மாவட்ட வன அலுவலராக இருந்தவர்கள் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றார்.

31 வருஷம், மூன்று மாதம்.

'கடைசியில் நீதி கிடைத்ததே' என்று பெருமூச்சு விடலாம். கூடவே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சங்கம் இல்லாத ஊராக இருந்திருந்தால்? எம்.பி.யாகவும் இருந்த ஒரு தலைவர் டெல்லிவரை மனுவோடு போகாதிருந்தால்? பாமதி என்ற அதிகாரிக்குப் பதிலாக வேறு யாரோ அந்த நாற்காலியில் இருந்திருந்தால்? வாச்சாத்திக்கு நீதி கிடைத்த பாதையில் அதிர்ஷ்டமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. நீதிக்கு அதிர்ஷ்டம் தேவைப்படுவது நல்ல அறிகுறியில்லை.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறதா? சட்டப் புத்தகத்தில் நிறையவே மாறியிருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. அதன்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசமாக வக்கீல் கிடைக்கும். 'பெண்கள்' என்றால் எல்லாப் பெண்களும்தான். ஏழைப் பெண்கள் மட்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா அளவில் வட்டக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்காக இருந்தால் இன்னும் உண்டு. பாதிக்கப்பட்டவரும் சாட்சியும் விசாரணைக்கு வந்துபோகும் செலவை அரசு தர வேண்டும். அவர்கள் விரும்பினால் மூத்த வழக்கறிஞர் ஒருவரை வைத்து வழக்கை நடத்தும்படி மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்றும் 2016-ல் அமலான திருத்தம் சொல்கிறது. 'கூடுமானவரை' என்ற அந்த வார்த்தைக்குள் எத்தனை வாய்தா அடங்கும் என்பது வழக்குக்காரர்களுக்குத் தெரியும்.

ஏனென்றால் நீதிபதிகள் போதாது. பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகளாவது வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-ல் பரிந்துரைத்தது. இன்று 21 பேர் அளவில் நிற்கிறது. நாடு முழுக்கத் தேங்கிய வழக்குகள் ஐந்து கோடிக்கும் மேல்.

இலவச வக்கீல் என்றாலே மட்டமாக நினைக்கிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. காசு கொடுக்காத வைத்தியம் பலிக்காது என்பது போல. அந்தச் சந்தேகத்தில் கொஞ்சம் உண்மையும் உண்டு. இந்த வேலைக்கு அரசு தரும் ஃபீஸ் குறைவு, அதுவும் தாமதமாக வரும் என்பது வழக்கறிஞர்களின் பழைய புகார்.

ஜூனியர்களின் கதையும் இதோடு ஒட்டியது. கிராமத்திலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போய், அந்த வீட்டில் முதல் பட்டதாரியாக கோட்டு மாட்டி வரும் பிள்ளைக்கு சீனியர் ஆபீஸில் முதல் சில வருஷங்கள் பஸ் காசு கிடைத்தாலே பெரிசு. 2024 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கவனித்து, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி பார் கவுன்சிலுக்குச் சொன்னது. தருமபுரிக்கு 15,000. மாசம் அவ்வளவு சம்பாதிக்கவே திணறும் சீனியர்களும் மாவட்ட நீதிமன்றங்களில் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

வாச்சாத்தி மாதிரி ஊர்களிலிருந்து ஒரு பெண் சட்டம் படித்து வந்து, அரூரிலோ தருமபுரியிலோ பத்து வருஷம் தாக்குப்பிடித்து நின்றால், அந்த மலையடிவாரத்துக்கே ஒரு கதவு திறந்த மாதிரி. அவள் மூன்றாவது வருஷமே கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்த முறை ஊருக்குள் ஜீப் வரும்போது ஓடிப்போய்ச் சொல்ல ஆள் இருக்காது.

தீர்ப்பு வந்த 2023 செப்டம்பரில், அன்றைய 13 வயதுப் பிள்ளைக்கு 44 வயது. இழப்பீட்டுப் பட்டியலில் இருந்த 18 பேரில் சிலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள், தாய்மார்கள் வாய்தாவுக்குக் கிளம்புவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள்.